முகூர்த்தத்தில் ஒரு நிறம், ரிசப்ஷனில் ஒரு நிறம்!

அல்சூர் சோமேசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள தெரு ஒன்றில் ஒரு மாடியறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. மேஜைமீது கம்ப்யூட்டர். கல்யாணப் படங்களுக்கு வண்ணம் சரிசெய்யும் இளைஞர் ஒருவர் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். திங்கட்கிழமை முகூர்த்தக் காட்சிகளை முடித்துவிட்டார். மணப்பெண் நல்ல மாநிறம். அரக்குச் சிவப்பில் கூரைப்புடவை. கழுத்தில் புது மஞ்சள் கயிறு. எல்லாம் கண்ணால் பார்த்தபடியே வந்திருக்கின்றன.

அன்றிரவு, சாப்ட்வேருக்குப் புதிய பதிப்பு வந்திருப்பதாகவும் அதை ஏற்றிக்கொள்ளலாமா என்றும் திரையில் ஒரு கேள்வி வருகிறது. நல்லதுதானே என்று சம்மதம் கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்.

செவ்வாய்க்கிழமை ரிசப்ஷன் காட்சிகளுக்குத் தனிக் கணக்குப் போல ஒரு புதிய ப்ராஜெக்ட் திறக்கிறார். முதல் நாள் செய்த அதே திருத்தங்களை அப்படியே எடுத்து இதற்கும் போடுகிறார். வேலை சுருக்கமாக முடிந்துவிடுகிறது. புதன்கிழமை பெண்ணின் தாயார் வந்து பார்க்கிறார்.

"என்னா தம்பி, காலையில எம்பொண்ணாட்டம் இருக்கா. சாயங்காலம் வேற யாரோ மாதிரி இருக்காளே?"

அந்த அம்மாள் சொல்வதில் தவறில்லை. முகூர்த்தத்தில் மாநிறமாக இருந்த பெண், ரிசப்ஷனில் வெளிறிப்போய் நிற்கிறாள். காமிரா அதேதான். படம் எடுத்தவரும் அவரேதான். பதிவில் யாரும் கை வைக்கவில்லை. அப்படியானால் நிறத்தை மாற்றியது யார்?

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இத்தொழிலில் இருப்பவர்கள் எவருக்கும் இது நேரலாம். சினிமா காமிரா கல்யாண மண்டபத்துக்குள்ளும் நுழைந்துவிட்ட காலம் இது. பெண்ணைப் பெற்றவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் எடுக்கும் படத்துக்கு இப்படி ஆகலாம் என்றால், காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது அல்லவா?

நிறமே இல்லாத பதிவு

பழைய காமிராவில் பிலிம் ஓடிய இடத்தில் இன்று சென்ஸார் என்னும் சில்லு இருக்கிறது. அதில் லட்சக்கணக்கான நுண்ணிய கட்டங்கள் உண்டு. ஒவ்வொரு கட்டமும் தன்மீது எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதை மட்டும் அளக்கும். அது சிவப்பா, பச்சையா என்று அதற்குத் தெரியாது.

இந்தக் குருட்டுக் கட்டங்களுக்கு நிறம் காட்ட வழி கண்டவர் அமெரிக்காவில் கோடக் கம்பெனியில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் என்ற விஞ்ஞானி. கட்டங்களின் மேல் சின்னஞ்சிறு வண்ண வடிகட்டிகளை வரிசையாகப் பதிப்பது அவர் யோசனை. நான்கு கட்டங்களை எடுத்துக்கொண்டால் இரண்டுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம். மனிதக் கண் பச்சை வெளிச்சத்தில்தான் நுணுக்கங்களை நன்றாகக் காணும் என்பதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. இதற்கான பேடண்ட் 1976-ல் வழங்கப்பட்டது. இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் போன் காமிராவிலிருந்து சினிமா காமிரா வரை பெரும்பாலானவை இந்த ஏற்பாட்டில்தான் வேலை செய்கின்றன.

சாதாரணக் காமிரா, தான் அளந்த எண்களைத் தானே நிறமாக மாற்றி, முடிந்த படமாக நம் கையில் கொடுத்துவிடும். சினிமா காமிராவின் 'ரா' பதிவில் அப்படி இல்லை. அரிசி, பருப்பு, புளி, மிளகாய் எல்லாம் தனித்தனியாகக் கட்டி வந்த மளிகைச் சாமான் போன்றது அது. சமையல் பிறகுதான். வெளிச்சம் பகலுடையதா, பல்புடையதா என்பதும், படம் எவ்வளவு பிரகாசமாக இருக்கவேண்டும் என்பதும் பதிவின் ஓரத்தில் குறிப்பாக மட்டுமே எழுதப்பட்டிருக்கும். அந்தக் குறிப்பைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

இதில் லாபம் அதிகம். 8 பிட் படத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள்தான் உண்டு. 12 பிட் பதிவில் 4,096 படிகள். அல்சூரில் பூப்பல்லக்கு இரவைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். பல்லக்கில் சரம் சரமாக வெள்ளைப் பூ. அதன்மேல் கண்ணைப் பறிக்கும் சீரியல் விளக்கு. கீழே இருட்டில் தோள் கொடுப்பவர்களின் முகம். சாதாரணப் பதிவில் பூ வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும், அல்லது முகம் கரிக்கட்டையாகிவிடும். ரா பதிவில் பூவின் இதழையும் முகத்தின் வியர்வையையும் ஒருசேரக் காப்பாற்ற வழி உண்டு.

ஆனால் மளிகைச் சாமானை யார் சமைப்பது, எந்தப் பக்குவத்தில் சமைப்பது என்பதுதான் கேள்வி. அந்தப் பக்குவம் சாப்ட்வேருக்குள் எழுதப்பட்டிருக்கிறது. சாப்ட்வேர் மாறினால் பக்குவமும் மாறலாம்.

லேபில் இருந்த கைகள்

நிறம் பார்க்கும் வேலை சினிமாவுக்குப் புதிதல்ல. 1956-ல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' கேவாகலரில் தமிழ் மக்களுக்குக் கிடைத்த முதல் முழுநீள வண்ணப்படம். கன்னடத்தில் அந்தப் பெருமை 1964-ல் வந்த 'அமரசில்பி ஜகணாச்சாரி'க்கு உரியது. அந்த நாட்களில் ஒரே காட்சியைக் காலையில் பாதி, மாலையில் பாதி எடுத்தால் நிறம் வேறுபடும். அதைச் சமன்செய்வது லேபில் இருந்த கிரேடரின் பொறுப்பு.

அவர் கையில் இருந்த ஆயுதம் மிகச் சிறியது. நெகடிவிலிருந்து பிரிண்ட் போடும் யந்திரத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்குகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 50 வரை எண்கள். இந்த ஷாட்டுக்குச் சிவப்பு இத்தனை, பச்சை இத்தனை என்று சீட்டில் எழுதி அனுப்புவார். பிரிண்ட் வந்ததும் போட்டுப் பார்த்து, ஒன்றிரண்டு எண் கூட்டியோ குறைத்தோ மறுபடி அனுப்புவார். முகத்தை மட்டும் வெளிச்சமாக்க அவரால் முடியாது. மாற்றினால் ஷாட் முழுவதும் மாறும்.

ஆனாலும் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. ராத்திரி வீட்டுக்குப் போய்க் காலையில் திரும்பினால், 25 என்று எழுதி வைத்த எண்ணின் பொருள் 25 ஆகவே இருக்கும். கெமிக்கல் மாறினால்தான் நிறம் மாறும். அதையும் தினமும் ஒரு சோதனைத் துண்டு பிலிமைக் கழுவிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

2000-ல் வெளிவந்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ' என்ற ஹாலிவுட் படம் முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றி நிறம் மாற்றினார்கள். பச்சைப்பசேல் என்றிருந்த மரஞ்செடிகள் காய்ந்த வைக்கோல் நிறத்துக்கு வந்தன. அதைத் தொடர்ந்து உலகம் முழுவதும் 'டி.ஐ.' என்ற எழுத்துகள் சினிமாக்காரர்களின் பேச்சில் இடம்பிடித்தன. தமிழில் 2004-ல் பி.சி. ஸ்ரீராம் இயக்கிய 'வானம் வசப்படும்' டிஜிட்டல் காமிராவால் எடுக்கப்பட்டது. அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்ட அதே 2009-ல், கமல்ஹாசனின் 'உன்னைப்போல் ஒருவன்' ரெட் ஒன் காமிராவில் எடுக்கப்பட்டு வந்தது. அந்தக் காமிரா ரா பதிவு செய்வது. அதன்பின் சில ஆண்டுகளில் பிலிம் மறைந்தது. லேபுகளில் கெமிக்கல் தொட்டிகள் வற்றின.

கிரேடிங் யந்திரமும் எளியவர் கைக்கு வந்தது. டாவின்சி ரிசால்வ் என்ற வண்ணத் திருத்தக் கருவி ஒரு காலத்தில் லட்சக்கணக்கான டாலர் விலையில் பெரிய ஸ்டூடியோக்களில் மட்டும் இருந்தது. 2009-ல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் கம்பெனி அதை வாங்கியது. 2011-ல் இலவசப் பதிப்பே வெளியிட்டது. ஹாலிவுட்டில் உள்ளவரும் அல்சூர் மாடியறையில் உள்ளவரும் ஒரே சாப்ட்வேரில் வேலை செய்யும் நிலை அப்படித்தான் வந்தது. ஆனால் பெரிய ஸ்டூடியோவில் புதிய பதிப்பைச் சோதித்துப் பார்க்கத் தனி ஆட்கள் உண்டு. மாடியறையில் ஒரே ஆள்தான்.

புது டைம்டேபிள்

புதிய பதிப்பு வரும்போது என்ன மாறுகிறது? ரயில்வே டைம்டேபிளை நினைத்துக்கொள்ளலாம். ரயில் அதே ரயில். பெட்டிகள் அதேதான். ஆனால் புது டைம்டேபிள் அமலுக்கு வந்தபின் பழைய புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனவருக்கு வண்டி கிடைக்காது.

ரா பதிவின் எண்களை நிறமாக மாற்றும் கணக்குக்கு 'கலர் சயன்ஸ்' என்று பெயர். ரெட் கம்பெனி இந்தக் கணக்கை 2010-ல் திருத்தியது. 2017-ல் 'ஐ.பி.பி.2' என்ற பெயரில் அடியோடு மாற்றியமைத்தது. பிளாக்மேஜிக் கம்பெனி 2018-ல் தன் சொந்த ரா பதிவு முறையைக் கொண்டுவந்தது. பிறகு அதன் வண்ணக் கணக்கும் நான்காம் தலைமுறை, ஐந்தாம் தலைமுறை என்று வளர்ந்தது. ஜெர்மனியின் ஆரி கம்பெனி 2022-ல் அலெக்ஸா 35 காமிராவுடன் புதிய வண்ணக் கணக்கை வெளியிட்டது.

இவை எல்லாம் முன்னேற்றங்களே. புதிய கணக்கில் பிரகாசமான விளக்குகள் நயமாக வெளுக்கும். சிவப்பும் நீலமும் சேறாகாமல் தெளிவாக நிற்கும். பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த ரா பதிவையும் இன்றைய கணக்கில் போட்டு முன்னைவிட நல்ல படம் எடுக்கலாம்.

ஆபத்து எங்கே என்றால், பாதி வழியில் மாறுவதில்தான். மேலே சொன்ன இளைஞர் திங்கட்கிழமை செய்த திருத்தங்கள் பழைய கணக்கின்மீது செய்தவை. பழைய கணக்கில் முகம் சற்றுக் கறுத்து வந்திருந்தால் அதைக் கொஞ்சம் தூக்கியிருப்பார். புதிய கணக்கு முகத்தைத் தானாகவே தூக்கிக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் பழைய திருத்தத்தையும் போட்டால் இரண்டு முறை தூக்கியதாகிவிடும். மணப்பெண் வெளிறிப்போனது இதனால்தான்.

அதிர்ஷ்டவசமாக, பதிவு கெட்டுப்போவதில்லை. கலர் சயன்ஸ் மாறியபோதும் பழைய கணக்கை இந்தக் கம்பெனிகள் ஒரேயடியாகத் தூக்கி எறிந்துவிடவில்லை. எந்தத் தலைமுறைக் கணக்கு வேண்டும் என்று தேர்ந்தெடுக்க அமைப்புகளுக்குள் ஓர் இடம் இருக்கிறது. பழைய ப்ராஜெக்ட் பழைய கணக்கிலேயே நிற்கும்போது, புதிதாகத் திறந்தது புதிய கணக்கை எடுத்துக்கொள்ளலாம். அதைப் பழையதற்கு மாற்றினால் ரிசப்ஷன் முகமும் முகூர்த்த முகமும் ஒன்றாகிவிடும். ஆனால் அப்படி ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்திருக்கவேண்டும். தெரியாதவர் இரவு முழுவதும் கண் விழித்து ஷாட் ஷாட்டாகத் திருத்திக்கொண்டிருப்பார்.

யார் முகம் அளவுகோல்?

இரண்டில் எது அந்தப் பெண்ணின் உண்மையான நிறம் என்று அந்தத் தாயார் கேட்டால் என்ன பதில் சொல்வது? இந்தக் கேள்விக்கு ஒரு பழைய கதை உண்டு.

பிலிம் காலத்தில் கோடக் கம்பெனி, பிரிண்ட் போடும் லேபுகளுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பி வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். 'ஷர்லி கார்டு' என்று அதற்குப் பெயர். அவள் முகம் சரியாக வந்தால் யந்திரம் சரியாக இருக்கிறது என்று பொருள். உலகில் பாதிக்கு மேற்பட்டவர்களின் தோல் வேறு நிறம் என்பது அந்த அட்டைக்குத் தெரியாது. கனடா நாட்டுப் பேராசிரியை லோர்னா ராத் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விஷயம் வருகிறது. சாக்லெட் விளம்பரத்திலும் மரச்சாமான் விளம்பரத்திலும் பழுப்பு நிறத்தின் வகைகள் பிரிந்து தெரியவில்லை என்று வியாபாரிகள் முறையிட்ட பிறகுதான், கறுப்பு, பழுப்பு நிறங்களை நன்றாகக் காட்டும் பிலிமுக்கான முயற்சி வேகம் பெற்றது என்று கோடக்கில் பணியாற்றியவர்களே அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மனிதர்களின் முகத்துக்காகச் செய்யாததை மேஜை நாற்காலிக்காகச் செய்தார்கள்!

இன்றைய கிரேடிங் அறையில் நிலைமை மேல். 'வெக்டர்ஸ்கோப்' என்ற வட்டமான அளவுகோல் திரையில் இருக்கும். நிறங்களை அது ஒளிப்புள்ளிகளாகக் காட்டும். அதில் தோல் நிறத்துக்கென்று ஒரு கோடு உண்டு. கறுத்தவர், சிவந்தவர், மாநிறம் என யாருடைய முகமானாலும் புள்ளிகள் ஏறக்குறைய அந்த ஒரே கோட்டின் அருகில்தான் விழும். வெளிச்சத்தில் வித்தியாசம், அடர்த்தியில் வித்தியாசம். சாயல் கிட்டத்தட்ட ஒன்றே. தோலுக்கு அடியில் ஓடும் ரத்தம் எல்லோருக்கும் ஒன்று என்பதை ஒரு யந்திரம் காட்டிக்கொடுக்கிறது.

ஆகவே நிபுணர்கள், முகம் எவ்வளவு வெளுப்பு என்று பார்ப்பதற்கு முன்னால் கோட்டில் நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். கோட்டை விட்டு விலகினால் மஞ்சள் காமாலை வந்தாற்போலவோ, பச்சை பூத்தாற்போலவோ தெரியும். கோட்டில் நிற்கும் கறுத்த முகம் ஆரோக்கியமாக, களையாக இருக்கும். கறுப்பு ஒரு கோளாறு அல்ல. அதைத் திருத்தவேண்டிய அவசியம் இல்லை.

சில ஆல்பங்களில் மாப்பிள்ளை, பெண், சித்தப்பா, பெரியம்மா எல்லோரும் பவுடர் டப்பாவில் விழுந்து எழுந்தவர்கள் போல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு எந்தப் புதிய பதிப்பையும் குறை சொல்ல முடியாது. வெளுப்பே அழகு என்று நினைக்கும் நம் பழக்கம்தான் காரணம். சாப்ட்வேர் தவறினால் பழைய கணக்குக்குத் திரும்பலாம். நம் மனத்தில் ஏறியிருக்கும் கணக்கை அப்படி மாற்ற பொத்தான் ஏதும் இல்லை.

முன்ஜாக்கிரதை

இத்தொழிலில் அனுபவப்பட்டவர்கள் கடைப்பிடிக்கும் முறைகள் எளியவை. செலவும் அதிகம் இல்லை.

முதலாவது, கையில் ஒரு படம் இருக்கும்போது புதிய பதிப்பை ஏற்றாதீர்கள். படத்தை முடித்துக் கொடுத்துவிட்டு ஏற்றுங்கள். ரிசால்வ் போன்றவற்றில் வேலைக் கணக்கு முழுவதும் ஒரு டேட்டாபேஸில் இருக்கும். பெரிய மாற்றத்தோடு வரும் பதிப்பு அதைத் தன் முறைக்கு மாற்றிக்கொண்டால், பழைய பதிப்பில் அதைத் திரும்பத் திறக்க முடியாது. இது ஒருவழிப் பாதை. எனவே ஏற்றுவதற்கு முன் டேட்டாபேஸுக்கு நகல் எடுத்து வேறொரு டிஸ்க்கில் வைப்பது அவசியம்.

இரண்டாவது, படம் பிடிக்கும் இடத்தில் முதல் ஷாட்டாக வண்ண அட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 24 சதுரங்கள் கொண்ட மாக்பெத் அட்டை 1976-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அதன் முதல் இரண்டு சதுரங்கள் கறுத்த தோலின் நிறமும் வெளுத்த தோலின் நிறமும்தான். இந்த அட்டையில் ஷர்லிக்கு மட்டும் இடம் என்ற நிலை இல்லை. மண்டபத்தில் மேடைக்கு ஒரு விளக்கு, பந்திக்கு வேறு விளக்கு என்றால் இரண்டு இடத்திலும் அட்டையைக் காட்டவேண்டும்.

மூன்றாவது, முடித்த காட்சிகளிலிருந்து முகம் தெரியும் நிழற்படங்கள் சிலவற்றை எடுத்து வையுங்கள். லேப்காரர்கள் தினமும் கழுவிப் பார்த்த சோதனைத் துண்டு பிலிமின் வேலையை இவை செய்யும். புதிய பதிப்பு வந்ததும் அதே ஷாட்டைத் திறந்து, பழைய நிழற்படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

நான்காவது, எந்தப் பதிப்பு, எந்தத் தலைமுறைக் கணக்கு, எந்த அமைப்பு என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து மாப்பிள்ளை வீட்டார் இன்னொரு பிரதி கேட்டு வந்தால் அந்த நோட்டு கை கொடுக்கும்.

பல காமிராக்களின் பதிவு ஒரே படத்தில் கலந்தால் என்ன செய்வது? அதற்காக ஆஸ்கார் விருது வழங்கும் அகாடமி 'ஏஸஸ்' என்ற பொது முறையை வகுத்து 2014 டிசம்பரில் அதன் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டது. எந்தக் காமிராவின் எண்களையும் ஒரு பொது அளவுக்குக் கொண்டுவந்து வேலை செய்யும் ஏற்பாடு அது. அதிலும் எந்தப் பதிப்பில் செய்தோம் என்று எழுதி வைப்பது கட்டாயம்.

படம் எடுக்கக் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. முழுப் படமும் முடியும்வரை காத்திராமல், முகூர்த்தம் ஒரு நிமிடம், ரிசப்ஷன் ஒரு நிமிடம் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். போனில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். போனுக்குப் போன் நிறம் மாறும். அறையில் உள்ள மானிட்டரில் பாருங்கள். இந்தத் தொழிலின் பாஷை தெரியாதே என்று தயங்கவும் வேண்டாம்.

நம் கற்பனை இளைஞரிடம் திரும்புவோம். அவர் கணக்கைப் பழைய தலைமுறைக்கு மாற்றிவிட்டு, ரிசப்ஷன் ஷாட்டை மறுபடி ஓட்டுகிறார். முகூர்த்தத்தின் முதல் ஷாட்டில் பிடித்த அட்டையோடு ஒப்பிடுகிறார். முகத்தின் புள்ளிகள் கோட்டில் வந்து நிற்கின்றன. தாயார் கொஞ்சம் முன்னால் குனிந்து பார்க்கிறார்.

"இப்பத்தாம்ப்பா எம்பொண்ணு."

வெக்டர்ஸ்கோப் கோட்டைப் பற்றி அந்த அம்மாளுக்கு எதுவும் தெரியாது. பெற்று வளர்த்து, இருபது இருபத்தைந்து ஆண்டுகளாகத் தினமும் பார்த்த முகம் அது. எந்தப் பதிப்பு வந்தாலும் கடைசியாகக் கையெழுத்துப் போடவேண்டிய கண் அதுதான்.